காணும் பொங்கல் ராத்திரி படம் பாத்துட்டு விசில் அடிச்ச எங்க தெரு பெரியவங்களுக்கு

வணக்கமுங்க,

நான் சேலம் அம்மாபேட்டை பக்கம், ரெண்டு பவர்லூம் ஓடற வீட்டு மருமக, படிச்சா யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். நேர்ல வந்து சொல்லலாம்னுதான் ரெண்டு நாளா நெனச்சேன், ஆனா அங்க வந்தா நீங்க பத்து பேரு பேசுவீங்க, நான் ஒருத்தி நடுவுல மறந்துடுவேன், அதான் எழுதறேன். கோவம் இருக்குங்க, இல்லன்னு பொய் சொல்லல.

அன்னைக்கு கோலப்போட்டி உறியடி எல்லாம் முடிஞ்சு கோயில் பின்னாடி மைதானத்துல வெள்ளைத்துணி கட்டி 'கனா' படம் போட்டீங்கல்ல, மொதல்ல அதுக்கு நன்றி, மனசார சொல்றேன். 2018 டிசம்பர்ல வந்த கிரிக்கெட் படம், பாதி பேரு டிவில ஏற்கனவே பாத்தாச்சு, இருந்தும் பனியில போர்வைய போத்திக்கிட்டு ஒருத்தரும் எந்திரிக்கல. 2007 வேர்ல்டு கப்ல இந்தியா தோத்துப்போய் சத்யராஜ் அழுவாரே, அதை பாத்துட்டு அவரு பொண்ணு சின்னப்புள்ள கௌசல்யா நான் இந்தியாவுக்கு ஆடி எங்கப்பாவ சிரிக்க வைக்கறேன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணுமே, அந்த எடத்துல எங்க மாமனார் துண்டெடுத்து மூஞ்சிய தொடச்சாரு. தறில வெரலு மாட்டி நசுங்கினப்ப கூட அழாத மனுசன்.

படம் முடிஞ்சு டீ குடிச்சிக்கிட்டே ஆளாளுக்கு சொன்னதை எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன். கடைசி மேட்ச இழு இழுன்னு இழுத்துட்டாங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, அது எனக்கும் தோணுச்சு, அட்வைஸ் வசனத்தையும் கொஞ்சம் கொறச்சிருக்கலாம். அத்தைங்க எல்லாம் ஐஸ்வர்யா ராஜேஷ் நம்ம வீட்டுப் புள்ள மாதிரியே இருக்குதுன்னு சொன்னாங்க, அதுவும் சரி. ஆனா கிரிக்கெட் படத்துல எதுக்கு விவசாயி கடனை கொண்டாந்து கோத்தாங்க, ரெண்டு படம் பாத்த மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுல எனக்கு ஒப்புதல் இல்லைங்க. தண்ணி இல்லாம காடு காஞ்சு கெடக்கு, பேங்க்காரங்க ஜப்திக்கு வந்து நிக்கறாங்க, அந்த வீட்ல இருந்துதான் ஒரு பொண்ணு பேட்டும் பந்தும் தூக்கிட்டு கெளம்பணும். நூல் வெல ஏறுன மாசம் ஸ்கூல் பீஸுக்கு நகைய அடகு வச்ச நமக்கு இது ரெண்டு கதையா தெரியக்கூடாது. அந்த கடன் இல்லன்னா அந்த அப்பன் பொண்ணு பின்னாடி நிக்கறதோட கனம் என்னன்னே நமக்கு வெளங்கியிருக்காது.

இதையெல்லாம் விடுங்க. கடைசியா எல்லாரும் சேர்ந்து தலையாட்டுன பேச்சு ஒண்ணு இருக்கே, "படம் நல்லாத்தான் இருக்குது, ஆனா இதெல்லாம் படத்துலதான் நடக்கும்"னு, எனக்கு அன்னைக்கு தூக்கம் போனது அதுலதான்.

சேலத்துல உக்காந்துகிட்டு இப்படி சொல்லலாமாங்க? பெரியவடகம்பட்டி மாரியப்பன், அஞ்சு வயசுல கால்ல பஸ் ஏறி நசுங்கின பையன், அம்மா காய்கறி வித்து வளத்தாங்க, 2016ல ரியோ பாராலிம்பிக்ஸ்ல உயரம் தாண்டறதுல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கிட்டு வந்தாரு. அதோட நிக்காம டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் இருவது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்ல கிரிக்கெட் ஆடிட்டு இருந்தவரு, அவங்கம்மா ரோட்டோரம் சிக்கன் கடை போட்டு பொழச்சவங்க. பயிற்சி நெட்ல பந்து போடறதுக்குன்னு ஆஸ்திரேலியாவுக்கு கூட்டிட்டுப் போனாங்க, கடைசில ஒரே டூர்ல ஒன்டே, டி20, டெஸ்ட் மூணுலயும் இந்தியாவுக்கு எறங்கிட்டாரு, ஒரே டூர்ல மூணுலயும் அறிமுகமான மொத இந்தியர் அவருதான். 2021 ஜனவரில அவரு ஊரு திரும்புனப்ப தேர்ல வச்சு கூட்டிட்டு வந்ததை நம்ம எல்லாரும் போன்ல திரும்பத் திரும்ப பாத்தோம்ல.

சரி அவங்க ரெண்டு பேரும் ஆம்பளைங்கன்னு சொல்லுவீங்க. 2017 பொம்பளைங்க வேர்ல்டு கப் ஃபைனல், லார்ட்ஸ்ல இங்கிலாந்துகிட்ட 9 ரன்ல தோத்தோம், அதுக்கு அடுத்த வருசம்தான் இந்தப் படமே வந்துச்சு. அன்னைக்கு கப்பு ஜெயிக்கறதுன்னா கனவுதான். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பைல தென்னாப்பிரிக்காவை 52 ரன்ல ஜெயிச்சு கப்ப தூக்குனாங்க, நம்ம தெருவுலயே ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல வெடி வெடிச்சுச்சு. அந்த ஃபைனல்ல அஞ்சு விக்கெட் எடுத்த தீப்தி சர்மா போடறது ஆஃப் ஸ்பின். படத்துல கௌசல்யா போடறதும் அதே ஆஃப் ஸ்பின்தான். படத்துலதான் நடக்கும்னு நம்ம சொன்னது, படம் வந்து ஏழு வருசத்துல நெசத்துல நடந்துடுச்சுங்க.

எம்பொண்ணுக்கு பதினொரு வயசு. படம் பாத்த மறுநாள் காலைல வீட்டு பின்பக்க செவுத்துல சாக்பீஸால மூணு கோடு போட்டுட்டா. உண்டியல் காசுல ஒரு ஸ்டம்பர் பால் வாங்கியாந்து, ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த கோட்டைப் பாத்து போட்டுக்கிட்டே இருக்கா, தறி சத்தத்துக்கு நடுவுல அந்த பந்து செவுத்துல படற சத்தம் மட்டும் எனக்கு தனியா கேக்குது. ஆள்காட்டி வெரல் ஓரத்துல தோல் உரிஞ்சு செவந்து போச்சு, தேங்காண்ணெய் வச்சா பிடி வழுக்குதும்மான்னு தொடச்சிக்கிறா. நேத்து நடு கோட்டுல ஆறுக்கு நாலு பட்டுச்சாம், தாத்தாவை கூட்டிட்டு வந்து காட்டினா, அவரு தறிய நிறுத்திட்டு வந்து நின்னு பாத்தாரு.

போன ஞாயித்துக்கிழமை அவளும் இன்னும் நாலு புள்ளைங்களும் மைதானத்துக்கு போனாங்க. பசங்க ஒண்ணும் சொல்லல, ஒரு ஓரத்துல எடம் கூட விட்டு குடுத்திருக்கானுங்க. பெரியவங்கள்ல ஒருத்தருதான், பேர் சொல்ல மாட்டேன், பொம்பளப் புள்ளைங்க இங்க வந்து குதிச்சிட்டு இருந்தா நல்லாவா இருக்குது, அடிகிடி பட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாரு. கடைசி ஓவர்ல மொத விசில் அடிச்சது அவருதாங்க, எம்பொண்ணு அவருக்கு ரெண்டு வரிசை தள்ளி உக்காந்து அதை திரும்பிப் பாத்து சிரிச்சா. வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல, பந்த அரிசி டப்பா பின்னாடி வச்சிட்டு ஹோம்வொர்க் எழுத உக்காந்துட்டா. கூடப்போன புள்ளையோட அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

அவரை கெட்டவருன்னு சொல்ல வரல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சு குடுக்கற மனுசன், எல்லாருக்கும் தெரியும். அடிபடும்ங்கற பயமும் அவருக்கு நெசமாவே இருக்கலாம். ஆனா அடி பசங்களுக்கும்தான படுது, அவனுங்கள யாரும் தடுக்கலியே.

எம்பொண்ணு இந்தியாவுக்கு ஆடணும்னு நான் கேக்கலைங்க, ஆறு மாசத்துல அவளுக்கே சலிச்சுப் போனாலும் போகலாம். நான் கேக்கறது ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். அம்மாமாருங்க நாங்க முறை வச்சு ரெண்டு பேரு கூட நிக்கறோம், பேண்டேஜ் டெட்டால் எல்லாம் நாங்களே கொண்டாறோம், எட்டரைக்கு பசங்களுக்கு விட்டுடறோம். எங்க மாமனாரும் வரேன்னு சொல்லிட்டாரு, பழைய தறிக்கட்டைய செதுக்கி மூணு ஸ்டம்ப்பு பண்ணி வச்சிருக்காரு.

மைதானத்து கேட் சாவி கோயில் ரூம்லதான் மாட்டியிருக்குன்னு தெரியும், நானா எடுக்க மாட்டேன். சனிக்கிழமை சாயந்தரம் விளக்கு போட வருவேன், அப்ப எங்கையில குடுத்துடுங்க.