ஸ்பெயின் நாட்டு இபிசாத் தீவின் நடன விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் விடுதிகளில் ஆடுகிறவர்களுக்குக் குடிதண்ணீரை இலவசமாகக் கொடுங்கள். கெஞ்சிக் கேட்டபின் முகம் சுளித்தபடி அரைக் கோப்பை ஊற்றித் தருவதை நான் சொல்லவில்லை. ஆடுதளத்துக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், வாயில் வைக்கக்கூடிய குளிர்ந்த தண்ணீர் விடியும்வரை கிடைக்க வேண்டும்.

உங்கள் தீவின் இரவுகளை மனதார நேசிப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். லண்டனில் மாரிக்குளிர் விடுவதற்கு முன்பே நானும் என் மச்சாள்மாரும் தோழிகளும் கோடைக்குத் திட்டம் போடத் தொடங்கிவிடுவோம். எந்தக் கிழமையில் எந்த விடுதியில் யார் இசைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் விமான டிக்கெட்டே எடுப்போம். திங்கட்கிழமை என்றால் டிசி-10 என்ற விடுதி. அங்கே 1999இல் தொடங்கிய சிர்கோலோகோ கொண்டாட்டத்துக்காகவே எங்கள் விடுமுறை எப்போதும் ஒரு திங்களைச் சுற்றித்தான் அமையும். பக்கத்து விமான நிலையத்துக்கு வரும் விமானம் தலைக்கு மேலே தாழப் பறக்கும்போது கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக் கத்தும்; அதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு 1973இல் திறந்த பாச்சா. சான் ரஃபேலில் அம்னீசியா. ஸ்பேஸ் 2016இல் மூடியபின் அதே இடத்தில் அடுத்த ஆண்டே வந்த ஹாய், அதற்கு எதிரே திறந்தவெளியில் மாலையிலேயே தொடங்கிவிடும் உஷுவாயா. ஒரு சிறு தீவுக்குள் இத்தனையும் இருப்பது அதிசயம்தான், அதை உண்டாக்கியவர்கள் நீங்கள்.

எங்கள் ஓர் இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சான் அந்தோனி ஊரில் கஃபே டெல் மார் பக்கத்துப் பாறைகளில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்போம். அறைக்குத் திரும்பி எதையாவது வயிறாறச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம். நள்ளிரவு தாண்டி விடுதிக்கு வருவோம். நாங்கள் காத்திருக்கும் கலைஞர் மேடையேற மூன்று மணி ஆகிவிடும், வெளியே வரும்போது விடிந்திருக்கும். ஆக ஐந்து, ஆறு மணிநேரம், கோடையின் நடுவில், ஆயிரக்கணக்கான உடல்களின் சூட்டுக்குள் நின்று ஆடுகிறோம்.

அந்த நேரம் முழுவதும் எங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து போத்தல் கொண்டுவர வாசலில் விடமாட்டார்கள். உள்ளே ஒரு சிறு போத்தலின் விலை பத்து யூரோவைத் தாண்டும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று என்றால் நான்கு பேருக்குப் பன்னிரண்டு போத்தல், நூற்றிருபது யூரோ. சான் அந்தோனி சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஒரு யூரோகூட வராது. நுழைவு டிக்கெட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று, அதில் இனி மிச்சம் பிடிக்க வழியில்லை. டாக்ஸிக்கும் காசு வேண்டும். மிச்சம் பிடிக்கக் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். இளம் பிள்ளைகள் அதைத்தான் குறைக்கிறார்கள். ஒரு போத்தலை ஐந்து பேர் சுற்றிச் சுற்றிக் குடிப்பதை எந்த இரவிலும் பார்க்கலாம்.

ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். என் மச்சாளுக்குத் தலை சுற்றியது. கவுண்டரில் போய்க் குழாய்த் தண்ணீர் கேட்டேன். போத்தல் மட்டும்தான் என்று அந்தப் பையன் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வரிசை மூன்று அடுக்காக நின்றது, இவளால் நிற்கவே முடியவில்லை. கழிவறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கையையும் குவித்துக் குழாயில் பிடித்து ஒரு வாய் குடித்தவள் அப்படியே துப்பிவிட்டாள். "சரியான உப்படி, எங்கட வீட்டுக் கிணறு மாதிரிக் கிடக்கு" என்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருந்தது. பக்கத்துக் குழாயில் முகம் தெரியாத இன்னொரு பிள்ளை அதே தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள்.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அங்கேயும் சுண்ணாம்புக் கல் நிலம்தான். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும், கிணறு உவராகும். உங்கள் தீவிலும் நடந்தது இதுதான். அதனால்தான் இன்று இபிசா நகரம், சான் அந்தோனி, சாந்தா எவுலாலியா மூன்றிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடுகின்றன. எனவே "எங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்க நன்றாக இராது" என்று நீங்கள் சொன்னால் எனக்கு விளங்கும். ஆனால் அதற்கு வடிகட்டியும் குளிர்விப்பானும் இருக்கின்றன. ஒளிக்கும் ஒலிக்கும் நீங்கள் போடும் முதலோடு பார்த்தால் அந்தச் செலவு ஒரு மூலைக்குக் காணாது.

சட்டமும் உங்கள் நாட்டில் இருக்கிறது. கழிவுகள் பற்றி ஸ்பெயின் 2022 ஏப்ரலில் கொண்டுவந்த 7/2022 சட்டத்தின் 18ஆவது பிரிவு, விருந்தோம்பல் துறையிலும் உணவகத் துறையிலும் உள்ள இடங்கள் போத்தலில் அடைக்காத நீரை இலவசமாகக் குடிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு எப்போதும் தர வேண்டும் என்கிறது. நடன விடுதி அந்த வரையறைக்குள் வராது என்று உங்கள் வழக்கறிஞர் யாரும் வாதாடலாம். மது விற்கிற, பனிக்கட்டி போட்டுக் கலந்து கொடுக்கிற ஓர் இடத்துக்கு அந்த வாதம் அழகல்ல என்பது என் எண்ணம். நான் வாழும் இங்கிலாந்தில் 2010 முதல், மது பரிமாறும் இடம் எதுவானாலும், கேட்பவருக்குக் குடிக்கத்தக்க குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது உரிமத்தின் நிபந்தனை. உங்களிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் எங்கள் நாட்டிலிருந்து வரும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அந்தப் பழக்கத்தில் வந்து உங்கள் கவுண்டரில் திகைத்துப்போய் நிற்கிறார்கள்.

இலவசத் தண்ணீர் போதைப்பொருள் எடுப்பவர்களுக்குத்தான் வசதி என்று ஒரு பேச்சு உண்டு. இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மதுவே உடலிலிருந்து நீரை வெளியேற்றும். ஒன்றும் தொடாதவர்களும் அந்தச் சூட்டில் மணிக்கணக்காக ஆடினால் வியர்த்து வற்றிப்போவார்கள். எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் எடுத்தவருக்கோ உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதே நேரம் அவர் பயந்துபோய் ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்துத் தள்ளினால் இரத்தத்தில் சோடியம் சரிந்து, அதுவும் உயிருக்கு உலை வைக்கும். ஆடுகிறவர் மணிக்கு அரை லீற்றர் அளவில் சிறிது சிறிதாகக் குடிப்பதே நல்லது என்பது போதைப்பொருளின் தீங்கைக் குறைக்கும் பணியில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. விலை கொடுத்து வாங்கும் போத்தல் இதற்கு நேர்மாறாக நடக்க வைக்கிறது. நெடுநேரம் தாகத்தை அடக்குவார்கள், கைக்குக் கிடைத்ததும் மடமடவென்று முடிப்பார்கள். சிறு கோப்பையும் ஒரு குழாயும், பக்கத்தில் பதற்றப்படாமல் பேசத் தெரிந்த ஒரு பணியாளும் இருந்தால் இந்தக் கேடு பெரும்பாலும் வராது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு சொல். 1999இல் யுனெஸ்கோ உங்கள் தீவை உலக மரபுச் சொத்தாக ஏற்றபோது, தால்த் விலாக் கோட்டையோடும் பண்டைக் கடலோடிகளான பினீசியர்களின் சா கலேத்தாக் குடியிருப்போடும், இபிசாவுக்கும் பக்கத்துத் தீவான ஃபோர்மெந்தேராவுக்கும் இடையே கடலடியில் விரிந்திருக்கும் போசிடோனியாப் புல்வெளிகளையும் சேர்த்தே ஏற்றது. நீங்கள் விளம்பரத்தில் காட்டும் அந்தக் கண்ணாடிக் கடலுக்கு அந்தப் புல்லே பெரிய காரணம். அப்படிப்பட்ட கடலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடியலிலும் ஆடுதளத்திலிருந்து நசுங்கிய போத்தல்களை மூட்டை மூட்டையாக ஏன் அள்ள வேண்டும்?

வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு திரும்பப் பாவிக்கும் கோப்பை கொடுங்கள், அல்லது வெறும் போத்தலை உள்ளே கொண்டுவர விடுங்கள். குழாயைக் கழிவறையிலிருந்து எட்ட வையுங்கள். ஸ்பானியம், காத்தலான், ஆங்கிலம் மூன்றிலும் பெரிதாக ஒரு பலகை மாட்டுங்கள். டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே "உள்ளே குடிநீர் இலவசம்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரி இருக்கும் விடுதிக்கு எங்கள் முதல் இரவை ஒதுக்குவோம். எங்களைக் கேட்டுத் திட்டம் போடும் தம்பி தங்கைகளையும் அங்கேதான் அனுப்புவோம். போத்தலில் மிச்சமாகும் காசு, சந்தேகமில்லாமல், மறுநாள் இரவு உங்களில் இன்னொருவரின் டிக்கெட்டுக்கே வந்து சேரும்.

கோடைப் பருவத்தின் திறப்பு விழாக்கள் ஏப்ரல் கடைசியில் தொடங்கிவிடும். குழாய் பதிக்க அதற்கு முன் மாரிகாலம் முழுவதும் உங்களுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
கோடைதோறும் உங்கள் விடுதிகளில் ஆட வரும் ஒருத்தி,
லண்டன்