வண்டி நுழையாத சந்துக்கு என்ன திட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீயணைப்புத் துறைக்குப் புது வண்டி வேண்டும், ஆள் வேண்டும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. வேண்டியதுதான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு இருக்கும் கவலை வேறு. வாங்குகிற வண்டி எங்கள் சந்துக்குள் எப்படி வரும்?

2020 தீபாவளியன்று தெற்கு மாசி வீதிப் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடையில் பிடித்த தீயை அணைக்கப் போன வீரர்கள் இரண்டு பேர், பழைய கட்டடம் இடிந்து விழுந்து உயிரை விட்டார்கள். அதன்பிறகாவது இந்தப் பகுதிக் கட்டடங்களைத் தெருவாரியாகக் கணக்கெடுத்திருக்க வேண்டும். இங்கே பழைய கட்டடங்கள் பலவற்றில் மர உத்தரமும் அதன்மேல் செங்கல், சுண்ணாம்புக் காரையும்தான். உத்தரம் கருகினால் அத்தனை பாரமும் தலைமேல் இறங்கும். துணிச் சிப்பம் தண்ணீர் குடித்தால் எடை இன்னும் ஏறும். எது மரக்கட்டு, எது கான்கிரீட் என்பது உள்ளே கால் வைக்கும் வீரருக்கு வாசலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. தீபாவளி வியாபாரம் சூடுபிடித்தால் வெளியூர்ப் பையன்கள் கடை மாடியிலேயே படுத்துக்கொள்வார்கள். திருட்டுப் பயத்தில் கீழே ஷட்டரை இழுத்து வெளிப்பூட்டுப் போட்டுவிடுவார்கள். மாடிப்படி நெடுகிலும் பண்டல் அடுக்கியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் தீயணைப்பான் சுவரில் பளபளவென்று தொங்குகிறது; அதை மறைத்துக்கொண்டு ரவிக்கைத் துணிக் கட்டுகள், கழுத்தில் கட்டிய அட்டையில் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. எந்த மாடியில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பது எதிர் டீக்கடைக்காரருக்கு அத்துப்படி. எந்த அரசுப் பதிவேட்டிலும் அது ஏறாது.

என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒவ்வொரு வட்டாரத் தீயணைப்புத் துறையும் தன் பகுதியில் ஆபத்து எங்கெங்கே இருக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறது என்று திட்டம் எழுதி வெளியிட்டாக வேண்டும். அதற்குமுன் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 2004 தீயணைப்புச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய விதிமுறை அது. தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு வீரர்களே போய்ப் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்களாம். அந்த ஊர்ப் பணம் நமக்கில்லை, சரி. தெருவில் இறங்கி விசாரித்து எழுதிவைக்கப் பெரிய பணம் எதற்கு?

தண்ணீர்க் கதையும் இருக்கிறது. ஒரு வண்டியில் ஏறக்குறைய 4,500 லிட்டர்தான். இரண்டு மூன்று குழாயைத் திறந்தால் நிமிடக் கணக்கில் காலி. அடுத்த நடைக்குத் தண்ணீர் எங்கே? மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த எழுகடல் தெப்பக்குளத்தை மூடி வணிக வளாகம் கட்டிவிட்டோம். டவுன்ஹால் ரோட்டுப் பெருமாள் தெப்பக்குளத்தைச் சுற்றியும் கடைகள் கட்டினோம். 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது கோயிலுக்குள்ளேயே. அதற்கப்புறமும் நாம் தெளியவில்லை.

சித்திரைத் தேர் வருகிறதென்றால் மாசி வீதியில் ஒரு வயர் குறுக்கே தொங்க விடுகிறோமா? மின்வாரியம், மாநகராட்சி, போலீஸ் மூன்றும் கூடிப் பேசி வழியைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் சில வருடங்களில் அந்தப் பண்டிகை நாட்களை ஒட்டியே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமும் வருகிறது. பள்ளிக்கூடங்களில் ஈரச் சாக்கைப் போட்டு சிலிண்டர் தீயை அணைத்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மாடியில் படுக்கும் பையன்களுக்கு யார் காட்டுவது?

தீயணைப்பு நிலைய அலுவலர், மாநகராட்சிப் பொறியாளர், மின்வாரியத்தார், வியாபாரிகள் சங்கத்தார் என்று ஒரு குழு இந்த ஆடித் தள்ளுபடிக்கு முன்பே விளக்குத்தூணைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்து பார்க்கட்டும். பெரிய வண்டி எந்த முனையில் நிற்கும், அங்கிருந்து எத்தனை குழாய் இணைக்க வேண்டும், ராத்திரி டூவீலர் எங்கே நிற்கக் கூடாது, எந்த மாடிக்கு இரண்டாவது வழி இல்லை என்று எழுதி, அதை எங்கள் தெருமுனையிலும் ஒட்டட்டும். வெளிப்பூட்டுப் போடும் முதலாளிகளுக்கு முதலில் எச்சரிக்கை, அடுத்து அபராதம். எங்கள் முதலாளிக்கு இந்தக் கடிதம் பிடிக்காது என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைக் கணக்கர்,
தெற்கு மாசி வீதி, மதுரை.