பூட்டிய அலமாரியில் ஒரு பொம்மை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். பிரசவ அறையில் 31 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். சனிக்கிழமைப் பள்ளியில் கற்ற தமிழ் இது; பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். புது டாக்டர்கள் குழந்தைக்குக் குழாய் செலுத்தப் பழகும் பொம்மையைப் பற்றி எழுதுகிறேன்.

மூச்சுவிடாமல் பிறந்த குழந்தைக்கு டாக்டர் தொண்டைக்குள் குழாய் செலுத்தும்போது, பக்கத்தில் நின்று நொடிகளை உரக்க எண்ணுவது என் வேலை. முப்பது எண்ணியும் போகவில்லையென்றால் நிறுத்திவிட்டு, மாஸ்க் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். "இருபத்தைந்து" என்றதும் நடுங்கிய கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டுத் துவண்டு பிறக்கும் குழந்தைக்கெல்லாம் அன்று குழாய் விட்டு உறிஞ்சுவார்கள், கை பழகிவிடும். 2015-இல் வழிகாட்டுதல்கள் மாறியதும் அந்த வழக்கம் குறைந்தது. குழந்தைகளுக்கு நல்லதுதான், கற்பவருக்குத்தான் வாய்ப்பு போயிற்று. இங்கே புது டாக்டர்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி முடிந்ததும் ஓராண்டு சமூகப் பணி. கிராமத்து ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் தனியாக நிற்கப்போவது நாம் கடன்பட்டுப் படிக்கவைத்த பிள்ளைதான்.

நான் வேலைபார்த்த இடத்தில் பயிற்சிப் பொம்மை இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். சாவி யாரிடம் என்றால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஓர் இரவு எப்படியோ திறந்து, பயிற்சி டாக்டர் ஒருவரோடு உட்கார்ந்தேன். ஆறு முறை குழாய் மூச்சுக்குழலுக்குள் போகாமல் இரைப்பைக்குள் போய் பொம்மையின் வயிறு உப்பியது. நாக்கைத் தூக்கித் தொண்டையைக் காட்டும் கருவியின் கைப்பிடியைப் பின்னால் சாய்க்காமல் முன்னோக்கித் தூக்க வேண்டும் என்பது ஏழாவது முறைதான் அவர் கைக்கு விளங்கியது. "சிஸ்டர், இன்னொரு தடவை" என்றார். தேநீர் ஆறிப்போயிற்று.

பொம்மைக்கு எச்சில் ஊறாது, நாக்கு வழுக்காது, நாடித்துடிப்பு சரியாது. அது மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். கேமரா வைத்த கருவியால் முதல் முயற்சியிலேயே 74 சதவீதம் வெற்றி, வழக்கமான கருவியால் 45 என்று 2024-இல் வெளியான டப்ளின் ஆய்வு சொல்கிறது. அதை வாங்கப் பணம் வேண்டும். அலமாரியைத் திறக்கப் பணம் வேண்டாமே! பொம்மையைப் பிரசவ அறை மேஜைமேல் வையுங்கள். முதல் இரவு வேலைக்கு முன் புது டாக்டர் செய்து காட்டட்டும். நர்ஸும் கூட நிற்கட்டும்: ஒரு கிலோவுக்குக் கீழே 2.5 மில்லிமீட்டர் குழாய், இரண்டு கிலோ வரை 3, அதற்கு மேல் 3.5. இழுப்பறையில் துழாவும் நேரமெல்லாம் குழந்தையின் நேரம்.

போன மாதம் பழைய தோழி ஒருத்தியிடம் விசாரித்தேன். பொம்மை இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ், சாட்ஸ்வர்த்