“என்று சொன்னால் சரியல்ல”: போக்சோ நீதிபதிகளின் பயிற்சி குறித்து ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கும், தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியின் இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. நூறு வழக்குகளுக்கு மேல் உள்ள மாவட்டங்களில் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றங்களின் எண்ணிக்கையை வேறு யாராவது பேசட்டும். குழந்தை சாட்சி சொல்லும் அந்த ஒரு மணி நேரத்தையும், அதற்கு நீதிபதிக்கு வேண்டிய பயிற்சியையும் பற்றித்தான் நாங்கள் எழுதுகிறோம்.

வழக்கறிஞர்கள் கேள்வியை நீதிபதியிடம்தான் தர வேண்டும்; நீதிபதிதான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 33(2). பல இடங்களில் வழக்கறிஞர் நேரடியாகவே கேட்கிறார், நீதிபதி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. உரிமையியல் வழக்கும் கொலை வழக்கும் பார்த்துப் பழகியவருக்கு, குறுக்கிடாமல் இருப்பதே நடுநிலை. அந்தப் பழக்கத்தைச் சொற்பொழிவு மாற்றாது.

இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: “அன்று நீ டியூஷனுக்குப் போகவில்லை, எதிரி உன்னைக் கூப்பிடவும் இல்லை என்று சொன்னால் சரிதானே?” (நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) ஒன்பது வயதுக் குழந்தை “ஆமாம்” என்றால், எதற்கு ஆமாம்? டியூஷன் போகாததற்கா, கூப்பிடாததற்கா? பயிற்சி பெற்ற நீதிபதி இதை உடைப்பார். “அன்னைக்கு டியூஷன் போனியாம்மா?” என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பிறகுதான், “அவர் உன்னைக் கூப்பிட்டாரா?”

அடுத்தது சாட்சியத்தைத் தட்டச்சு செய்வது. சாட்சி ஒன்றை மறுத்தால் “...என்று சொன்னால் சரியல்ல” என்று பதிவது நம் நீதிமன்றங்களின் வாய்ப்பாடு. எந்தக் குழந்தையும் அப்படிப் பேசாது. “மாமா அங்க கை வச்சாரு” என்று குழந்தை சொன்னது, “எதிரி எனது அந்தரங்க உறுப்பைத் தொட்டார்” என்று ஏட்டில் ஏறுகிறது. மேல்முறையீட்டில் இதே வரியைக் காட்டி, இரண்டாம் வகுப்புக் குழந்தை இப்படிப் பேசுமா, சொல்லிக்கொடுத்த சாட்சி என்று வாதிடுகிறார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரிவு 7 உடலுறுப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ‘அங்க’ என்பது எங்கே என்று யாரும் கேட்காவிட்டால் குற்றத்தின் கூறே பதிவாகாது. “அங்கன்னா எங்க?” என்று கேட்டு, உடல் வரைபடத்தில் தொட்டுக் காட்டச் சொல்லி, குழந்தையின் சொல்லையே மேற்கோள் குறிக்குள் எழுதி, காட்டிய இடத்தையும் நீதிபதியின் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். அதனால் பயிற்சிக்கு நீதிபதியை மட்டும் அழைப்பதில் பாதிப் பயன்தான். தட்டச்சரும் பெஞ்ச் கிளார்க்கும் சிறப்பு அரசு வழக்கறிஞரும் அதே அறையில் உட்கார வேண்டும்.

நீதிபதி பொறுப்பேற்கும் முன் ஐந்து நாள் பயிற்சி போதும். அதில் இரண்டு நாளாவது பெயர் நீக்கிய பழைய வழக்குக் கட்டுகளோடு கழியட்டும். முதல் தகவல் அறிக்கை, மாஜிஸ்திரேட்டிடம் தந்த வாக்குமூலம், நீதிமன்றச் சாட்சியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொல் எங்கே மாறியது, யார் மாற்றினார் என்பது தானே தெரியும். ஆறு மாதம் கழித்து அவரவர் பதிவு செய்த மூன்று சாட்சியங்களை எடுத்து மூத்த நீதிபதி ஒருவர் உடனிருந்து பேசட்டும். அதை, நீதிபதியின் பணியை மதிப்பிடும் ஆண்டு ரகசிய அறிக்கையோடு முடிச்சுப் போட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

குழந்தை எதிரியைப் பார்க்கக்கூடாது என்கிறது பிரிவு 36. திரை கட்டியிருக்கிறோம், சரி. ஆனால் வராந்தாவில் குழந்தை உட்காரும் அதே பெஞ்சில் எதிரியும் உட்கார்ந்திருக்கிறாரே! குழந்தைக்கு பத்து மணி, எதிரிக்கு பதினொன்று என்று சம்மனிலேயே நேரம் பிரிக்கலாம்; செலவே இல்லாத வேலை. காணொலி அறையில் கேமரா குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், மைக் அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் “சத்தமாச் சொல்லு” என்று நாலு தடவை கேட்பதிலேயே குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

வழக்கைக் கோப்புக்கு எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், ஓராண்டுக்குள் தீர்ப்பு என்று பிரிவு 35 கெடு வைக்கிறது. நகல் வழங்கல், குற்றச்சாட்டு வனைவு, தடயவியல் அறிக்கை என்று இந்த நாட்கள் கரைகின்றன. குழந்தையின் சாட்சியத்துக்குத் தடயவியல் அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை முடிந்த அன்றே எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையும் முடியட்டும். வாய்தா கொடுத்தால் குழந்தை மறுபடி வரவேண்டும். அது, குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது என்கிற பிரிவு 33(5)-க்கு நேர் விரோதம்.

குழந்தையின் வயதை நிரூபிக்க முடியாமலும் வழக்குகள் விழுகின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழ் போதாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற யுவபிரகாஷ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறார் நீதிச் சட்டப் பிரிவு 94 கேட்கும் பிறந்த தேதிச் சான்று வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட்டால் கடைசி நாளில் திண்டாட வேண்டாம். இடைக்கால இழப்பீட்டுக்கும் மனு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2020 போக்சோ விதிகளின்படி நீதிமன்றம் தானாகவே உத்தரவிடலாம்.

விரைவு சிறப்பு நீதிமன்றத் திட்டத்தில் ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 165 வழக்கு இலக்கு; மாதத்துக்கு 13, 14 தீர்ப்பு. வழக்குக்குப் பத்து சாட்சி என்றாலும் மாதம் 130 பேருக்கு மேல். இந்த நெருக்கடியில் குழந்தையின் சாட்சியம்தான் முதலில் சுருங்கும். ஒரு குழந்தையின் சாட்சியத்துக்கு அரை நாள் ஒதுக்கி, அன்று வேறு சாட்சி வைக்காத நீதிபதிக்கு, அந்த அரை நாளும் பணிக்கணக்கில் சேர வேண்டும்.

பாதி விசாரணையில் நீதிபதி மாறினால், குழந்தையின் முகத்தைப் பார்க்காதவர் தீர்ப்பு எழுத நேர்கிறது. இந்த நீதிமன்றங்களுக்கு மட்டும் மூன்றாண்டுப் பணிக்காலம் உறுதியாக வேண்டும். அடுத்த இடமாற்றப் பட்டியல் வரும்போது, ஐந்து நாள் பயிற்சி முடித்த பிறகே பொறுப்பேற்க வேண்டும் என்ற வரியையும் அதே ஆணையில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
போக்சோ வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர்களும், குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபர்களும்