டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மல்டிவைட்டமின் 1-0-0’ போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி வரும் செய்திகள் எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பல டிஸ்சார்ஜ் சம்மரிகளிலும் கடைசியில் ‘மல்டிவைட்டமின் 1-0-0, கால்சியம் 0-0-1’ (காலை-மதியம்-இரவு என்ற வரிசை) என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. எந்த உப்பு (கார்பனேட்டா, சிட்ரேட்டா), எத்தனை மில்லிகிராம் என்று இருக்காது. கடைக்காரர் கைக்கு எட்டிய அட்டையை எடுத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்கும் எல்லாம் ‘சத்து மாத்திரை’தான். அந்த ஒற்றை வரியில் எத்தனை கோளாறு ஒளிந்திருக்கிறது என்று காட்டவே இக்கடிதம்.

இந்த அறுவை சிகிச்சையின் ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. அமிலம் குறைகிறது, பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை சுரக்கும் துணைப் புரதமும் குறைகிறது. பைபாஸ் முறையில் (இதய பைபாஸ் அல்ல, சுருக்கிய இரைப்பையைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைப்பது) இன்னொன்றும் சேர்கிறது: இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத் தொடாமலே சாப்பாடு கீழே போய்விடுகிறது. “முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் போதாதா?” என்று வீட்டில் கேட்பார்கள். நல்ல உணவுதான். ஆனால் முதல் சில மாதங்களில் ஒரு வேளைக்கு அரை டம்ளர் அளவே உள்ளே போகிறவர் எத்தனை கைப்பிடி கீரை சாப்பிட முடியும்? அந்த அரை டம்ளரில் முதல் இடம் புரதத்துக்கு.

முதலில் கால்சியம். மிக மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். இரைப்பையைக் குறைத்து, போதாததற்குப் பல மாதங்கள் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் கொடுத்துவிட்டுக் கார்பனேட்டை விழுங்கச் சொன்னால் அதில் கணிசமான பங்கு வீண். சிட்ரேட் அல்லது சிட்ரேட் மாலேட் அமிலமில்லாமலும் கரையும், சாப்பாட்டோடும் சாப்பாடில்லாமலும் எடுக்கலாம். பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுவதால் அந்த வகையிலும் சிட்ரேட் மேல்.

இனி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘கால்சியம் சிட்ரேட் மாலேட் 1250 மி.கி.’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் ‘எலிமென்டல் கால்சியம் 250 மி.கி.’ என்றிருக்கும். எலிமென்டல் என்பது அந்த உப்பில் உள்ள கால்சியத்தின் எடை மட்டும்; உடம்புக்குக் கணக்கு அந்தப் பொடி எழுத்துதான். 1250 மி.கி. கார்பனேட்டிலோ 500 மி.கி. கால்சியம் உண்டு. கார்பனேட்டிலிருந்து சிட்ரேட் மாலேட்டுக்கு மாறும்போது ‘அதே 1250தானே’ என்று ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொள்பவர், சரியான மருந்துக்கு மாறியும் பாதி அளவே எடுக்கிறார். ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் உணவும் மாத்திரையும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம் தேவை. 200 மி.லி. பாலில் சுமார் 240 மி.கி. கிடைக்கும். மிச்சத்தை மாத்திரையில், ஒரு வேளைக்கு 500–600 மி.கி.க்கு மேல் போகாமல் பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரே தடவையில் போட்டால் குடல் வாங்கிக்கொள்ளாது. ஆகவே 0-0-1 என்பது கணக்கிலேயே தவறு. ரத்தத்தில் கால்சியம் ‘நார்மல்’ என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். உணவில் வராததை உடம்பு எலும்பிலிருந்து உருவி ரத்தத்தைச் சமன் செய்துகொள்ளும். உண்மையைச் சொல்வது, கால்சியம் போதாதபோது ஏறும் பாராதைராய்டு ஹார்மோனின் சோதனை.

வைட்டமின் டி நாளொன்றுக்கு 3000 யூனிட், ரத்த அளவு 30 நானோகிராமைத் தாண்டும் வரை. நம்மூரில் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் பொட்டலம்தான் வழக்கம். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, கால்சியம் எகிறிப்போய் மருத்துவமனையில் சேரும் விபத்து நடக்கிறது. அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதிக் கொடுப்பது நல்லது.

இரும்பிலும் இதே எலிமென்டல் கணக்குதான். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும், ஸ்லீவ் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60 மி.கி. வேண்டும் என்கிறது அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2016 வழிகாட்டி. இவ்விரு வகையிலும் சேராத, ரத்தசோகை அபாயம் குறைந்த ஆண்களுக்கு 18 போதும். இதற்கு விலையுயர்ந்த மாத்திரைதான் வேண்டும் என்றில்லை. அரசு சுகாதார நிலையத்தில் பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கடையில் விற்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகள் பலவற்றில் இரும்பு 100, ஃபோலிக் அமிலம் 1.5 மி.கி. அந்த ஃபோலிக் அமிலத்தில் ஒரு வில்லங்கம் உண்டு: பி12 குறைந்திருந்தால் ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிட்டு நரம்புச் சேதத்தை மறைத்துவிடும். இரும்பு போடும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்த அளவு) ஏறவில்லையென்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டியதுதான்.

பி12-க்கு வருவோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்கள் பலவற்றில் பி12 15 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோதான். துணைப் புரதம் இல்லாதபோது பி12 சுமார் நூற்றில் ஒரு பங்கே தானாகக் குடலில் ஊறி உள்ளே போகும். 15-இல் நூற்றில் ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால்தான் நாளொன்றுக்கு வாய்வழி 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் அசைவம் தொடாதவர்களுக்கும் இது இருமடங்கு முக்கியம். கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. ஓரிரண்டு வருடம் கழித்துப் பாதம் மரத்துப்போகும்போது அறுவை சிகிச்சையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தயாமின் என்கிற பி1 இதற்கு நேர்மாறு. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் ஒருவர் விடாமல் வாந்தி எடுக்கிறார் என்று வையுங்கள். மாத்திரையும் தங்காது, சாப்பாடும் தங்காது. தளர்ந்துபோனவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப்போய், “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பது நம் வழக்கம். குளுக்கோஸை எரிக்கத் தயாமின் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அந்த பாட்டில் தீர்த்துவிடும். அடுத்து ஒன்று இரண்டாகத் தெரிதல், கண் துடித்தல், நடை தள்ளாடுதல், பேச்சில் குழப்பம். ‘வெர்னிக்கி’ எனப்படும் இந்த மூளைப் பாதிப்பில் தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். எனவே வாந்தி ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் அறுவை செய்த மருத்துவரிடமே போக வேண்டும். அது முடியாமல் வேறெங்கு போனாலும் முதலில் சொல்ல வேண்டியது: “எனக்கு இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, தயாமின் ஊசி போட்ட பிறகு குளுக்கோஸ் ஏற்றுங்கள்.” ஊசியின் அளவை மருத்துவர் முடிவு செய்வார், சந்தேகம் இருந்தாலே போட்டுவிடலாம், ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாடத் தேவைக்கு 12 மி.கி. குறைந்தபட்சம், 50 முதல் 100 இருந்தால் நல்லது.

மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டத் தொடங்கும். எடை வேகமாக இறங்குவதால் வருவது அது. பெரும்பாலும் தானே நிற்கும். அந்தப் பதற்றத்தில் வாங்கும் 10 மி.கி. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை முடி கொட்டுவதை நிறுத்துவதாகத் தெரியவில்லை. தைராய்டு சோதனை முடிவை மட்டும் புரட்டிப்போடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையிலும் பயோட்டின் பொய் முடிவு தரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. முடிக்கென்றே துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் உண்டு. துத்தநாகம் தாமிரத்தை உறிஞ்சவிடாது. 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. தாமிரம் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்தல். பார்த்தால் பி12 குறைபாடு போலவே இருக்கும், பி12 ஊசிக்குக் கட்டுப்படாது. ‘ஜிங்க் சல்பேட் 61.8’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே துத்தநாகம் 22.5 மி.கி.தான் என்பதையும் கணக்கில் கொள்க.

டப்பாவில் ‘100 சதவீதம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். உணவு உரிமத்தில் விற்கப்படும் பொதுவான சப்ளிமென்ட்களுக்கு, நலமான ஒருவரின் அன்றாடத் தேவையையே உச்சவரம்பாக வைத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 ஒழுங்குமுறை. பி12-இல் அந்த நூறு சதவீதம் இரண்டு மைக்ரோகிராம் சொச்சம். ‘கம்மி’ (gummy) எனப்படும் ஜெல்லி வடிவ வைட்டமின் மிட்டாய்களை எடுத்தவுடன் ஒதுக்கிவிடலாம்: பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது, சர்க்கரை உண்டு. முதல் ஓரிரு மாதம் மென்று சாப்பிடும் மாத்திரையோ சிரப்போ நல்லது. மெதுவாகக் கரையும் வகையும், குடலில் கரையும் பூச்சு போட்ட வகையும் எப்போதும் வேண்டாம்.

நேரப் பொருத்தம் தனிக் கலை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி, தைராய்டு மாத்திரைக்கும் இவ்விரண்டுக்கும் இடையே நான்கு மணி இடைவெளி வேண்டும். காலை 6-க்கு தைராய்டு, 7-க்கு காபி, 11-க்குக் கால்சியம், மதியச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமினும் வைட்டமின் டியும் (எண்ணெய், நெய் கலந்த உணவோடு எடுத்தால்தான் அது நன்றாக ஏறும்), மாலை 5-க்கு இரண்டாவது கால்சியம், இரவு 9-க்கு இரும்பு. இப்படி அமைத்தால் எதுவும் எதோடும் மோதாது.

குழந்தை பெற நினைக்கும் பெண்களுக்கு ஒன்று தனியே. அறுவை முடிந்து 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அதன் பிறகும் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கருவுக்கு ஆபத்து. பீட்டா கரோட்டின் வடிவம் வாங்கலாம்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது, அந்த ஒற்றை வரியைக் கொஞ்சம் நீட்டுங்கள் என்பதுதான். ‘கால்சியம் சிட்ரேட் மாலேட், எலிமென்டல் 500 மி.கி., 11 மணி, 5 மணி. இரும்பு எலிமென்டல் 60 மி.கி., இரவு, மெத்தில்கோபாலமின் (பி12) 1000 மைக்ரோகிராம், தினம், தயாமின் 100 மி.கி., தினம், துத்தநாகமும் தாமிரமும் உள்ள மல்டிவைட்டமின், மதியம், ரத்தச் சோதனை 3, 6, 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுதோறும்.’ ஆளுக்கும் அறுவைக்கும் ஏற்ப எண்கள் மாறும். இவ்வளவு இருந்தால் ஒரு நிறுவனத்தின் அட்டை இல்லாதபோது இன்னொன்றை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகரும் ஒரு மருந்தாளுநரும்,
திருச்சி.