டிபன் கேரியரில் இருக்கிற பெயர்

பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. டாக்டர் பட்டத்துக்குக் கடைசியாக வாயால் பதில் சொல்கிற அந்த விவா பரீட்சையைப் பற்றி நீ என்னமோ சாதாரணமாகத்தான் சொன்னாய். "நம்ம கிளந்தான்காரியோட விவா முடிஞ்சிருச்சும்மா, மைனர் கரெக்‌ஷன்தான். நான் போகல, நாலாவது சாப்டர் இருந்துச்சு." அதற்கப்புறம் அரிசி இருக்கா, அங்கே மழையா என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் "நான் போகல" என்று சொன்னபோது உன் குரல் ஒரு படி இறங்கியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "லெட்டரா எழுதுற, வாய்ஸ் மெசேஜ் போட்டா முடிஞ்சது" என்கிறார். வாய்ஸ் மெசேஜில் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தை நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா திட்டத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாய். நீ மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருஷம், புரோபோசல் சொல்லிவிட்டு வந்து யுனிவர்சிட்டி எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து அழுதாயே, ஞாபகம் இருக்கா? யாரோ ஒரு பேராசிரியர் கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி என்னமோ கேட்டார், உனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எதையோ சொல்லி மாட்டிக்கொண்டாய். வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாய். நான் வா என்றேன். அப்பா போனை வாங்கி, முதலில் போய்ச் சாப்பிடு என்றார். அதே பெண் போன மாதம் அத்தனை பேர் முன்னால் நின்று, "அதை நான் அளக்கவில்லை, அதனால் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து இந்திய முஸ்லிம்காரர் நடத்துகிற மாமாக் கடையில் ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டதாகச் சொன்னபோது எனக்கு உள்ளே எப்படி இருந்தது தெரியுமா? நீ பட்டம் வாங்குகிற அன்றைக்கு நான் இதைவிடச் சந்தோஷப்படுவேனா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஐம்பது வயது ஆனது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்கு வடியப் போட்டிருந்த பேப்பரை இழுத்து வைத்து அதன் மேலேயே பேனாவால் வரைந்து நீ ஆராய்ச்சி செய்கிற மாத்தாங் காட்டைப் பற்றி எனக்குச் சொன்னாய். எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் ஒன்று மட்டும் அப்படியே மனசில் நின்றுவிட்டது. 1902லிருந்து கணக்கு வைத்து வெட்டி, நட்டு, வெட்டி, நட்டு வருகிற பாக்காவ் காடு, கடலோரச் சேற்றில் வளர்கிற அலையாத்திக் காடு, 40,000 ஹெக்டேர் என்றாய். மரத்துக்கு 15 வயசு ஆனதும் 4 அடிக் குச்சியோடு ஒரு ஆள் உள்ளே போவான், நல்ல மரமாக ஒன்றைப் பார்த்து அதைச் சுற்றிக் குச்சியை வீசுவான், குச்சி எட்டுகிற தூரத்தில் இருக்கிற மற்ற மரத்தையெல்லாம் வெட்டிவிடுவான். 20 வயசில் திரும்ப வருவான், இந்தத் தடவை 6 அடிக் குச்சி. 30 வயசில் மிச்சத்தையும் வெட்டிக் கரிச்சூளைக்கு அனுப்பிவிடுவார்கள். "எனக்கும் முப்பது ஆகப்போகுதும்மா, என்னையும் சூளைக்கு அனுப்பிருவாங்க" என்று சிரித்தாய். நான் முறுக்கைக் கருகவிட்டேன்.

இந்த ஆறு மாசமாக நீ உன்னைச் சுற்றி அந்தக் குச்சியை வீசிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் படிப்பை எடுத்து உன் மேலேயே திருப்பிப் போடுகிறாள் என்று கோபப்படாதே. பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை ட்யூஷன் பிள்ளைகளை விட்டாய், சரி, அதற்கு நேரம் இல்லை, நியாயம். வெள்ளிக்கிழமை பூப்பந்து நின்றது, அதுவும் போகட்டும். கூடப் படிக்கிற ஈப்போக்காரி பிறந்தநாளுக்குப் போகவில்லை. கிளந்தான்காரியோடு சாப்பிடுவதை நிறுத்தினாய். கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், தீசிஸ் கொடுத்த பிறகு. கொடுத்த பிறகு அங்கே யார் இருப்பார்கள் பாப்பா? அவள் இந்த மாசக் கடைசியில் ரூமைக் காலி செய்துவிட்டு கோத்தா பாருவுக்குப் போகிறாள் என்று நீதானே சொன்னாய்.

நீ அனுப்பிய ஒரு படம் என் போனில் முன்னாலேயே இருக்கிறது. கோலா செபெத்தாங்கில், அந்தப் பழைய போர்ட் வெல்ட் ஸ்டேஷன் பலகைக்குக் கீழே நீங்கள் மூன்று பேரும். தைப்பிங்கிலிருந்து 1885இல் மலாயாவின் முதல் ரயில் போய் நின்ற இடம், இப்போது தண்டவாளமும் இல்லை ரயிலும் இல்லை, பலகை மட்டும் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். பலகையில் ஆங்கிலம், மலாயை அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவி, சீனம், தமிழ் நாலும் இருக்கிறது. கிளந்தான்காரி ஜாவி எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள், ஈப்போக்காரி சீன எழுத்தை, நீ எம்பி நம்ம எழுத்தை. ஆங்கிலத்தைத் தொட ஆள் இல்லை என்று படகுக்காரரைக் கூப்பிட்டீர்களாம், அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மூன்று பேர் முகத்திலும் சேறு, அகாஸ் பூச்சி கடித்துத் தடித்துப் போயிருக்கிறது, நீ ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக நிற்கிறாய்.

அந்தப் பூட்ஸ் கதையை நீ எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறாய். மண் எடுக்கிற குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாய், தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது, நீ காலை உதற உதற இன்னும் கீழே போனாய். அவள் கத்தவில்லை. சேற்றில் வயிற்றைப் போட்டுப் படுத்து, கையை உன் முழங்காலுக்குக் கீழே விட்டு, பூட்ஸுக்குள் விரலை நுழைத்துக் காற்றுப் போகவிட்டு உன் காலை மட்டும் உருவி எடுத்தாள். பூட்ஸ் அங்கேயே இருக்கட்டும், நம்ம காலடி தடத்தை ஆயிரம் வருஷம் கழிச்சு யாராவது ஆராய்ச்சி பண்ணட்டும் என்று சொன்னாளாம். அதுவரைக்கும் அவளை வீட்டில் "கூட படிக்கிற பிள்ளை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றையிலிருந்துதான் "நம்ம கிளந்தான்காரி" ஆனாள்.

நாலாவது சாப்டர் காரணம் இல்லை என்று உனக்கே தெரியும். ரெண்டு பேரும் ஒரே செமஸ்டரில் சேர்ந்தீர்கள், ஒரே சூப்பர்வைசர், அவள் முடித்துவிட்டாள், நீ இன்னும் முடிக்கவில்லை. அதுதான். பெற்ற பிள்ளையைப் பொறாமைக்காரி என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் நானும் அந்த மாதிரி ஒன்றைச் செய்தவள்தான். அது உனக்குத் தெரியாது.

நம் வீட்டு அலமாரியில் மேல் தட்டில் ஒரு நாலடுக்கு டிபன் கேரியர் இருக்கிறதே, கைப்பிடி கொஞ்சம் வளைந்தது. நீ ஆறாவது படிக்கும்போது அதைத் தேய்த்துக்கொண்டே, "இதுல யார் பேரும்மா வெட்டியிருக்கு?" என்று கேட்டாய். மூடியில் புள்ளிப் புள்ளியாக மூன்று எழுத்து. பழைய பாத்திரக் கடையில் வாங்கினது என்று சொன்னேன். பொய். அந்தப் பெயர் என் சிநேகிதி பெயர்.

கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தபோது எனக்கு 19 வயசு. சுங்கை நிபோங்கில் ஒரு வீட்டில் ஆறு பெண்கள். நாள் பூராவும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு முடியைவிட மெல்லிசான தங்கக் கம்பியைச் சின்னச் சில்லுகளில் ஒட்டவைக்கிற வேலை. அவள் எனக்குப் பக்கத்து நாற்காலி, ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். வீடு அந்தப் பக்கம், பிறையில். ஃபெரி ஏறி, அப்புறம் ஃபேக்டரி பஸ் பிடித்து வருவாள். நான் மேகி மீ தின்றே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லி, நைட் ஷிப்ட் வந்தால் நாலடுக்கிலும் சோறு கட்டிக்கொண்டு வருவாள். மேல் ரெண்டு எனக்கு, கீழ் ரெண்டு அவளுக்கு. ரெண்டும் ஒன்றுதான், ஆனாலும் பிரித்துத்தான் வைப்பாள்.

1985, பினாங்குப் பாலம் திறந்த வருஷம். பாலம் வந்தால் ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டாம், அரை மணி நேரம் கூடத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த வருஷம் நாடே மந்தம், எங்கள் இடத்தில் மட்டுமா, எல்லா இடத்திலும் ஆள் குறைத்தார்கள். ஒரு திங்கட்கிழமை போர்டில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. அவள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. நான் காலை ஷிப்ட், அவள் மத்தியானம், அதனால் அவளுக்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அவள் பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குவதைப் பார்த்தேன். முந்தின வாரம் விட்டுவிட்டுப் போன அந்தக் கேரியர் என் பையில் இருந்தது. நான் கேண்டீனுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

என்ன சொல்வது என்று தெரியவில்லை பாப்பா. நீ ஏன், நான் ஏன் இல்லை என்று கேட்டுவிடுவாளோ என்று பயம். அதைவிட, உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது, தப்பித்தோம் என்று, அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம். அப்புறம் ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை போட்டிருந்தாள், கேரியரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் போடவில்லை நான். கல்யாணம் ஆகி சுங்கை பட்டாணிக்குப் போனாள் என்று யாரோ சொன்னார்கள். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் இருக்குமா? நாற்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் நான் ஏன் அவ்வளவு நேரம் நின்று கூட்டத்தைப் பார்க்கிறேன் என்று அப்பா கேட்பாரே, கால் வலி என்பேனே, அது இதற்குத்தான். கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வேன் என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சுங்கை பட்டாணிதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிப்போம்" என்றார். நான் இன்னும் சரி சொல்லவில்லை.

நீ கிளந்தான்காரியிடம் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், சும்மா ரூமுக்குப் போய்ப் பெட்டி கட்ட உதவி செய். ஈப்போக்காரியையும் கூட்டிக்கொண்டு போ. விவாவில் என்ன கேட்டார்கள் என்று அவளிடம் கேள், உனக்கும் அடுத்து அதேதானே, சொல்லிக்கொடுக்க அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள். பேச்சு அதுவாக வரும். வராவிட்டாலும் பெட்டியாவது கட்டி முடியும்.

நான் சனிக்கிழமை வருகிறேன். காலை ஃபெரியில் பட்டர்வொர்த் போய் அங்கிருந்து ரயில், கேஎல் சென்ட்ரலுக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன், நீ வந்து நிற்க வேண்டாம், எனக்கு எல்ஆர்டி ஏறத் தெரியும். பசியாறாமல் இருக்காதே, கீழே கடையில் ஏதாவது சாப்பிட்டுவிடு. அந்தக் கேரியரில்தான் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன், நன்றாகப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன். நம் வீட்டில் பன்றி புழங்குவதில்லை, கோழியும் மாமாக்கிடம் ஹலாலாக வாங்குவதுதான், ஆனாலும் அவளுக்குச் சங்கடம் வேண்டாம், சைவமாகவே செய்கிறேன், புளிச்சோறு, தேங்காய்த் துவையல், கடலைச் சுண்டல். உறைப்பு அவள் உன்னைவிட நன்றாகச் சாப்பிடுவாள் என்று சொல்லியிருக்கிறாய். அவள் வருவாளா, ஈப்போக்காரியும் உண்டா என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கேட்டுச் சொல், புளிக்காய்ச்சல் எத்தனை பேருக்குப் போடுவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா