அப்பா வீடு வந்து சேர்ந்தார், எல்லோருக்கும் நன்றி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்காக வைத்த ட்ரக்கியாஸ்டமி குழாய், தலைமாட்டில் மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த தம்பிகள், கேட்காமலே பணம் அனுப்பிய சித்தப்பா, அம்மாவுக்குத் தினமும் சாப்பாடு கொண்டு வந்த எதிர்வீட்டு அக்கா, ஐசியு டாக்டர்கள், சிஸ்டர்கள், இரவில் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணன்: எல்லோருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐசியுவில் மூச்சு சம்பந்தமான சிகிச்சையைக் கவனித்த ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் பெண். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் காலை. நைட் ட்யூட்டி முடிந்து பையோடு கிளம்பியவர் வராந்தாவில் எங்களைப் பார்த்து நின்றார். "அண்ணா, வீட்ல அப்பாவுக்கு நெபுலைசர் யாரு வைப்பீங்க?" நானும் அம்மாவும்தான் என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு வென்டிலேட்டர் குழாயும், மருந்தைப் புகை போல ஆக்கும் நெபுலைசரும் எடுத்து வந்தார்.

கப்பில் வெறும் சலைன் ஊற்றி ஆன் செய்தார். குழாய் முனையில் புகை போல வந்தது. நடுவில் ஹெச்எம்இ ஃபில்டரை மாட்டினார். புகை நின்றுவிட்டது.

"மூக்கு செய்யிற வேலைய இது செய்யுது, காத்த ஈரமா வச்சிருக்கும். ஆனா மருந்தையும் இதுவே பிடிச்சு வச்சுக்கும். மருந்து வைக்கும்போது கழட்டுங்க, முடிஞ்சதும் மறக்காம மாட்டுங்க."

"மூஞ்சில மாஸ்க் வச்சா போதாதாம்மா?" என்று அம்மா கேட்டார். அப்பா மூச்சு விடுவது கழுத்து வழியாக, முகத்தில் வைத்தால் மருந்து நுரையீரலுக்குப் போகாது என்று பொறுமையாகச் சொன்னார். எங்கள் வென்டிலேட்டருக்கு ஒரே குழாய். மூச்சு வெளியேற அதில் ஒரு சின்னத் துளை. நெபுலைசர் அந்தத் துளைக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து துளை வழியே அறைக்குள் போய்விடும். இதையெல்லாம் அம்மாவின் கையாலேயே மாட்ட வைத்துப் பார்த்தார்.

கரண்ட் போனால்? வென்டிலேட்டருக்கு பேட்டரி உண்டு, எங்கள் நெபுலைசருக்கு இல்லை. அதற்கு இன்ஹேலரும், அதைக் குழாயோடு சேர்க்கும் ஸ்பேசர் என்ற குடுவையும். குலுக்கிவிட்டு, வென்டிலேட்டர் காற்றைத் தள்ளத் தொடங்கும் நேரம் பார்த்து இன்ஹேலரை அழுத்த வேண்டும். அதுதான் எனக்கு வசப்படவே இல்லை. "இப்போ... இப்போ..." என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவருக்கு மறுபடி ட்யூட்டி என்று பிறகுதான் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கு ஒரே வரிதான்: சால்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) 2.5 மி.கி., நெபுலைசேஷன். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மருந்து எழுதிக் கொடுப்பதும் மருந்து உள்ளே போய்ச் சேருவதும் வேறு வேறு என்று இதற்கு முன் நான் நினைத்ததே இல்லை.

அவருக்கு என்ன திருப்பிச் செய்வது? பழம் வாங்கிப் போனேன், வார்டு சிஸ்டர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் நம் பக்கத்தில் யார் வீட்டுக்காவது இப்படி வென்டிலேட்டரோடு ஆள் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நேரில் வந்து மாட்டிக் காட்டுகிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். எங்களிடம் கூடுதலாக ஒரு நெபுலைசர் மிஷின் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். கப்பும் டியூபும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.